சதுர அடி 25 வெள்ளி

வேலித் தகராறுக்கு லாயர் தேடும் போர்ட் கிள்ளான் அண்ணன்மாரே, உங்கள் குறை ஒன்றுதான்: நிலம் சின்னது. பூலாவ் இண்டாவைப் பாருங்கள். ஒரு கூட்டுறவிடம் ஒரு நிறுவனம் 95 மில்லியன் வெள்ளிக்கு வாங்கிய சுமார் ஆயிரம் ஏக்கர். அதையே 2002இல் துறைமுக ஆணையம் சதுர அடி 25 வெள்ளியென 1.088 பில்லியனுக்கு வாங்கியது. பேரம் பேசிச் சங்கடப்படுத்தாத தாராள மனசு! பிறகு இந்த விற்பனை மீது வழக்குகள். 2010இல் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் போக்குவரத்து அமைச்சர் லிங் லியோங் சிக் 2013இல் விடுதலையானார். ஆக, குற்றவாளி நிலம்தான். யாரிடமும் கேட்காமல் விலை ஏறியிருக்கிறது.

எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சண்டை அரை அடிக்கு. ஃபைலைப் புரட்டிய லாயர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேஸ் எதுக்குண்ணே? துறைமுகத்துக்கு வித்துடுங்க.”