மூன்று செக்கன் அம்மணி

செண்டா பெரன்சன் என்ற பெண்ணுக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது, முதுகு விடாது. பியானோ படிக்கப் போனார், அதையும் முதுகு கெடுத்தது. தேகப்பயிற்சி என்றாலே பிடிக்காது. ஆகவே அவர் தேகப்பயிற்சி டீச்சர் ஆனார். நம் நாட்டு ஆசிரியர் நியமனங்களைக் கண்டு பழகியவர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்க மாட்டார்கள்.

அவர் 1868இல் லித்துவேனியாவில் பிறந்தவர். குடும்பம் 1875இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி பொஸ்டனில் இறங்கியது. வல்வ்ரோஜென்ஸ்கி என்ற குடும்பப் பெயரை அப்பா பெரன்சன் என்று மாற்றிக்கொண்டு வீடு வீடாகச் சாமான் விற்றார். (எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெயர் மாற்ற யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. பேரேடு எழுதும் கிளாக்கரையா இலவசமாகவே செய்து கொடுத்துவிடுவார்.) அண்ணன் பேர்னாட் இத்தாலியில் குடியேறி, இந்த ஓவியம் யார் வரைந்தது என்று பணக்காரர்களுக்குச் சொல்லிச் சம்பாதித்தார். தங்கச்சிக்கு வாய்த்தது, பந்து யார் கையில் எத்தனை செக்கன் இருந்தது என்று எண்ணும் வேலை. இரண்டும் தீர்ப்புச் சொல்லும் தொழில்தான்; வருமானத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உடம்பு தேறட்டும் என்று 1890இல் பொஸ்டனில் ஒரு தேகப்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் முகம் சுளித்தது, பிறகு முதுகு நிமிர்ந்தது, அதன்பின் அம்மணியைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. 1892 ஜனவரியில் நோர்த்தாம்டன் ஊர் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் ஒரு டீச்சருக்குச் சுகமில்லை என்று பதிலுக்குப் போனார். பதிலுக்குப் போனவர் 1911வரை நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

அங்கிருந்து முப்பது கிலோமீற்றர் தள்ளி ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர் 1891 டிசம்பரில் இரண்டு பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் அடித்து, குளிர்காலத்தில் அடைந்து கிடந்த பொடியன்களுக்குக் கூடைப்பந்து என்ற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார். முதல் ஆட்டத்திலேயே கண் கறுத்தது, தோள்மூட்டு கழன்றது, ஒருவன் மயங்கி விழுந்தான் என்று அவரே பிற்காலத்தில் வானொலியில் சொன்னார். இந்த விளையாட்டைப் பற்றி வாசித்த செண்டாவுக்கு, தன் பெண்பிள்ளைகளுக்கு இதுதான் சரி என்று பட்டது.

கூடைக்கு எங்கே போவது? குப்பைக் கடதாசி போடும் கூடைகளையே தொங்கவிட்டார். ஒரு காலத்தில் நாட்டுக்கே கடதாசி செய்து கொடுத்த ஊர் எங்கள் எம்பிலிப்பிட்டிய. இந்த விளையாட்டில் எங்களுக்கும் பங்குண்டு என்று வழக்கே போடலாம், கடதாசி ஆலை கண்ட வாழைச்சேனைக்காரர்கள் முந்திக்கொள்ளாவிட்டால்.

1893 மார்ச் 22. ஸ்மித் கல்லூரியில் முதலாம் வருஷத்துக்கும் இரண்டாம் வருஷத்துக்கும் போட்டி. பிள்ளைகள் புளூமர் என்ற தொளதொள காற்சட்டையில் நின்றார்கள். அதை ஆண் கண் பார்க்கக்கூடாது என்று கதவு பூட்டியாயிற்று. மேல்மாடத்தில் சக மாணவிகள் வகுப்பு நிறத்தில் துணிகளைக் கட்டிக் கூச்சல் போடுகிறார்கள். அம்மணி பந்தை நடுவில் எறிகிறார். உயர்த்திய கையில் பந்து பட்ட வேகத்தில் முதலாம் வருஷப் பிள்ளையின் தோள்மூட்டு கழன்றுவிட்டது. ஆட்டத்தின் வயது அப்போது ஒரு செக்கன். பிள்ளையை அலுவலக அறைக்குத் தூக்கிப்போய், இழுத்து மூட்டைப் பொருத்திவிட்டு, வேறொருத்தியை நிறுத்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாம் வருஷம் 5–4 என்று வென்றது. பயிற்றுநர் வாழ்க்கையை இவ்வளவு சுபசகுனமாகத் தொடங்கியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

அம்மணி தன் பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டங்கள் போட்டார். மைதானத்தை மூன்றாகப் பிரி; அவளவள் தன் பகுதியில் நில், கோட்டைத் தாண்டாதே. அடுத்தவள் கையில் இருக்கும் பந்தைப் பறிக்காதே. பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்காதே, மூன்று தடவைக்கு மேல் தட்டாதே. காரணம்? ஓடினால் பெண்களுக்கு நரம்புத் தளர்ச்சி வரும், இதயம் தாங்காது என்பது அன்றைய வைத்தியர்கள் பலரின் கருத்து.

அதே 1890களில் இறக்குவானை, பலாங்கொடை மலைச்சரிவுகளில் நம் பாட்டிமார் முதுகில் கூடையைக் கட்டி விடியலிலிருந்து பொழுது சாயும்வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அட்டை கடித்தது, மழை நனைத்தது, கங்காணி கத்தினான். நரம்பைப் பற்றிக் கவலைப்பட்டு எந்த வைத்தியரும் லயத்துப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்கு மலைக்கு மட்டும் போனால் போதும், மூன்று கொழுந்துக்கு மேல் கிள்ளாதே என்று எந்தத் தொரையும் சட்டம் போடவில்லை. கூடை மேலே தொங்கினால்தான் பெண்ணுக்கு ஆபத்து. முதுகில் தொங்கினால் ஆரோக்கியம் போலிருக்கிறது.

ஆனாலும் அம்மணியை ஒரேயடியாகக் கரித்துக்கொட்ட மனம் வரவில்லை. வைத்தியர் பயத்தைச் சாக்காக வைத்து அவர் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். ஒருத்தியே ஓடி, ஒருத்தியே போட்டு, ஒருத்தியே கைதட்டு வாங்கும் ஆட்டம் அவருக்குப் பிடிக்காது. கோட்டைத் தாண்ட முடியாதென்றால் பந்தை அடுத்தவளிடம் கொடுத்துத்தானே ஆகவேண்டும். அதைவிட, விளையாடவே விடக்கூடாது என்ற பெரியவர்களின் வாயை இந்தச் சட்டங்களாலேயே அடைத்தார்.

மற்றவர்கள் அவரையும் மிஞ்சினார்கள். நியூ ஓர்லீன்ஸில் கிளாரா பேயர் என்ற டீச்சர், நெய்ஸ்மித்தின் வரைபடத்தில் இருந்த புள்ளிக்கோடுகளைத் தாண்டக்கூடாத வேலி என்று எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கட்டம் கட்டமாக நறுக்கிவிட்டாராம். இரண்டு கையாலும் பந்தை எறிந்தால் அங்கே குற்றம். 1896இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்ட் பெண்களும் பெர்க்லிப் பெண்களும் மோதினார்கள். மண்டபம் நிறையப் பெண்கள். கூடையைச் சரிசெய்ய இரண்டு ஆண்கள் உள்ளே வந்ததும் ஆட்டக்காரிகள் வீரிட்டு மூலையில் ஒதுங்கினார்களாம். முழு ஆட்டத்திலும் ஸ்டான்ஃபோர்ட்டுக்கு 2 புள்ளி, பெர்க்லிக்கு 1.

செண்டாவின் சட்டங்கள் 1901இல் அச்சேறின. சட்டக் குழுவுக்கு 1917வரை அவர்தான் தலைவி. 1911இல் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்மித்தை விட்டார். 1954இல் கண் மூடினார். 1971இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அவருடைய கோடுகளை அழித்துவிட்டு, ஐந்து பேராக முழு மைதானமும் ஓடத் தொடங்கினார்கள். ஒருத்திக்கும் நரம்பு தளரவில்லை. அயோவாப் பள்ளிப் பிள்ளைகளோ 1993வரை பாதி மைதானத்திலேயே நின்றார்கள். சட்டத்தைத் தூக்கியெறிந்து 14 வருஷம் கழித்து, 1985இல், அம்மணியைக் கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபத்தில் ஏற்றினார்கள். ஆளைத் தள்ளிவிட்டு மாலை போடுவது நமக்கு மட்டுமே தெரிந்த கலையல்ல.

அவர் சட்டம் செத்துவிட்டதா என்றால், பின்னேரம் எம்பிலிப்பிட்டியவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தை எட்டிப் பாருங்கள். புழுதி மண்ணில் சுண்ணாம்புக் கோடு. மைதானம் மூன்று பகுதி. நெஞ்சில் ஜீஎஸ், டபிள்யூஏ என்று எழுத்துத் துணி கட்டிய பிள்ளைகள். பந்தைக் கையில் வைத்து ஒருத்தி யோசித்தால் டீச்சர் விசில் ஊதுகிறார்: மூன்று செக்கன்! கோட்டைத் தாண்டினால் இன்னொரு விசில். இங்கிலாந்தில் ஒஸ்டர்பேர்க் அம்மையாரின் உடற்கல்விக் கல்லூரிக்கு அமெரிக்கக் கூடைப்பந்து 1890களில் போய்ச் சேர்ந்தது. அங்கே கூடை வளையமாகி, வளையத்தில் வலை ஏறி, நெட்போல் என்ற பெயரில் சாம்ராஜ்யம் போன இடமெல்லாம் போனது. நாம் தேயிலையைக் கொடுத்தோம், அவர்கள் மூன்று செக்கனைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் தோட்டத்தில் மாறாத சங்கதிகள் பல. மைதானத்தில் இது ஒன்று.

தனி நட்சத்திரம் உருவாகக்கூடாது என்பதுதானே அம்மணியின் கொள்கை? அதற்கு ஆப்பு வைத்தது யாழ்ப்பாணம். தர்ஜினி சிவலிங்கம், உயரம் 208 சென்டிமீற்றர். வளையத்துக்குக் கீழே அவர் கையை நீட்டினால் எதிரணிப் பிள்ளைகள் மரத்தில் மாங்காய் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த அணிகளில் இருந்தவர், 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர். கோட்டைத் தாண்டவில்லை, பந்தைப் பறிக்கவில்லை, தட்டி ஓடவில்லை. ஒரு சட்டத்தையும் மீறவில்லை. மேலே பந்தைப் பிடித்து வளையத்தில் போட அவருக்கு மூன்று செக்கனில் பாதிகூடத் தேவைப்படவில்லை.