வினு மன்கட் எங்கள் ஊர்க்காரர்

1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அதை நேரில் பார்த்ததாக அயோத்தியாப்பட்டணத்தில் சொல்லித் திரிந்தவர்கள் அத்தனை பேரும் நிஜமாகவே போயிருந்தால், மெட்ராஸ்காரர்களுக்கு உட்கார இடம் கிடைத்திருக்காது. என் பெரியப்பா மட்டும் யோக்கியர். “நான் போகலை கண்ணு, ரேடியோவுலதான் கேட்டேன்” என்பார். அவருடைய யோக்கியம் அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

ரேடியோ இருந்தது ரைஸ் மில்காரர் வீட்டுத் திண்ணையில். வர்ணனையோ ஆங்கிலத்தில். எஸ்.எஸ்.எல்.சி. வரை எட்டிப் பார்த்தவர் என்பதால் பெரியப்பாவை மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள். புரிந்ததைத் தமிழில் சொல்வார். புரியாத இடத்தில் கூட்டத்தின் சத்தத்தை வைத்துச் சமாளிப்பார். கைதட்டல் என்றால் நமக்கு ரன், நீளமாக ‘ஓ’ என்றால் வெள்ளைக்காரன் அவுட். இந்த முறையில் இங்கிலாந்துக்கு முதல் நாளிலேயே பதினான்கு விக்கெட் விழுந்ததாகவும், மில்காரர் மட்டும் லேசாகச் சந்தேகப்பட்டதாகவும் கேள்வி.

ஸ்கோர்கார்டு சொல்வதும் லேசுப்பட்டதல்ல. முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 266. மன்கட் 55 ரன்னுக்கு 8 விக்கெட். கோட்டைத் தாண்டி இறங்கி வந்தவர்களில் நாலு பேரை விக்கெட் கீப்பர் சென் ஸ்டம்பிங் செய்து திருப்பி அனுப்பினார். பங்கஜ் ராய் 111. அதிகாரிக்குக் காயம் பட்டதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. ஹசாரே 457-க்கு 9 என்று டிக்ளேர் செய்ய, இங்கிலாந்து மறுபடி 183-இல் சுருண்டது. ஒரு இன்னிங்ஸ், 8 ரன். முதல் டெஸ்ட் ஆடி இருபது வருஷம் கழித்து, இருபத்தைந்தாவது ஆட்டத்தில் கிடைத்த வெற்றி.

முதல் நாளன்றுதான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வந்தது. மறுநாளை ஓய்வு நாளாக மாற்றிவிட்டார்கள். இதைப் பெரியப்பா சொல்லும்போது முகத்தில் ஒரு பெருந்தன்மை வரும். “எழவு வீட்டுக்காரனைத் தோக்கடிச்சோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு, அதான் ஒரு நாள் விட்டுக் குடுத்தோம்.”

ஹட்டன், காம்ப்டன், பெட்ஸர் எல்லாம் அந்தச் சுற்றுப்பயணத்துக்கே வரவில்லை, கேப்டன் ஹோவார்டும் உடம்பு சரியில்லாமல் ஒதுங்கிக்கொள்ள டொனால்ட் கார்தான் தலைமை தாங்கினார் என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். “வராதவனை எப்படிக் கண்ணு தோக்கடிக்கிறது?” என்றார். பதிலில்லை.

சரி, மன்கட் குஜராத்தில் ஜாம்நகர்க்காரர் ஆயிற்றே, அவரை நம்ம ஆள் நம்ம ஆள் என்கிறீர்களே என்று மடக்கிப் பார்த்தேன்.

“பொறந்தது அங்க. ஜெயிச்சது எங்க?”

“மெட்ராஸ்ல.”

“நம்ம ஊரு அப்ப எந்த மாகாணம்?”

“மெட்ராஸ்.”

“அப்புறம் என்ன?”

இது எங்கள் ஊர் வாதம், அசைக்க முடியாது. அயோத்திக்குத் திரும்புகிற வழியில் முகூர்த்தம் தப்பிவிடக் கூடாதென்று ராமர் இங்கேயே பட்டம் சூட்டிக்கொண்டார் என்பது கோதண்டராமர் கோயில் தலபுராணம். அயோத்தியின் பட்டாபிஷேகத்தையே வழியில் மறித்து வாங்கிக்கொண்ட ஊருக்குச் சேப்பாக்கம் எம்மாத்திரம்?

எனக்கு இடித்தது வேறு விஷயம். நாலே மாதம் கழித்து, ஜூனில், லீட்ஸில் இதே இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் நாலு விக்கெட்டைப் பறிகொடுத்தது. ட்ரூமன் என்ற புதுப் பையன் அதில் மூன்றை எடுத்தான். மெட்ராஸில் சதம் போட்ட ராயும் அந்த நாலு பேரில் ஒருவர். இது பெரியப்பாவின் கதையில் எங்குமே வராது.

“அப்ப ரேடியோ ரிப்பேர் கண்ணு. வால்வு போயிடுச்சு.”

“எப்ப சரியாச்சுங்க?”

“அக்டோபர்ல. டெல்லியில பாகிஸ்தானை இன்னிங்ஸ்ல ஜெயிச்சோம் பாரு, மன்கட்டுக்குப் பதிமூணு விக்கெட். ஒண்ணு விடாம கேட்டேன்.”

“அடுத்த வாரமே லக்னோவுல இன்னிங்ஸ்ல தோத்தமே, அதுங்க?”

“கரண்டு இல்லை” என்றார். கொஞ்சம் விட்டு, கோபத்தோடு: “அதுவுமில்லாம, மன்கட் ஆடாத மேட்ச்சை எவன் உக்காந்து கேப்பான்?”