பிள்ளையாரும் ஆறு ஏர்பேக்கும்

பெரியப்பாவின் அம்பாசிடரில் முன்னால் ஒரே நீள சீட். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் முன்வரிசையில் தாராளமாக நான்கு பேர் உட்காரலாம். பின்னால் எத்தனை பேர் என்பது மதுரையிலிருந்து பழனிக்குப் போகும் வழியில், ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க இறங்கும்போதுதான் தெரியவரும். பெல்ட் என்றால் ஒன்று பெரியப்பாவின் இடுப்பில் இருப்பது, இல்லையென்றால் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றுவது.

அதற்காகப் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டாஷ்போர்டின் நடுவில் பிள்ளையார் இருந்தார். பெரியம்மாவின் கை இருந்தது. பெரியப்பா பிரேக்கைத் தொட்டாலே போதும், சீட்டில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையின் குறுக்கே அந்தக் கை வந்து விழுந்துவிடும்.

அந்தக் கைக்கு உலக வரலாற்றில் இடம் உண்டு. 1952இல் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவி, மகளோடு காரில் போனார். வழியில் கிடந்த பாறைக்கு ஒதுங்கி வண்டியைப் பள்ளத்தில் இறக்கியபோது, அவரும் மனைவியும் மகளின் குறுக்கே கையை நீட்டினார்கள். கைக்குப் பதிலாக வேறு ஏதாவது அங்கே வந்து நின்றால் என்ன என்று அவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். அடுத்த ஆண்டே காப்புரிமை கிடைத்தது. ஏர்பேக்கின் பூர்வீகக் கதைகளில் அதுவும் ஒன்று.

கையால் ஏன் முடியாது? ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சுவரில் மோதி, முன்பக்கம் அறுபது சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடித்துணுக்கில் பத்துக் கிலோ குழந்தையை நிறுத்த, சுமார் நூற்று அறுபது கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். பெரியம்மா கல் கிரைண்டரைத் தனியாளாக நகர்த்தியவர்தான். ஆனாலும் நூற்று அறுபது கொஞ்சம் அதிகம். போதாததற்கு, “மோதினா சுவருக்குத்தான் சேதம்” என்று வண்டியின் உறுதியைப் பற்றிப் பெரியப்பாவுக்கு ஒரு பெருமை. வண்டி நசுங்காவிட்டால் நசுங்க வேண்டியது உள்ளே இருப்பவர்கள் என்ற கணக்கு அந்தப் பெருமையில் சேரவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. டிரைவர் ஏர்பேக் 2019இல் கட்டாயமானது. அடுத்த சில ஆண்டுகளில் பக்கத்து சீட்டுக்கும் வந்தது. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், போன வருடம் கார் வாங்கும்போது ஷோரூமில் கேட்ட முதல் கேள்வியே “ஆறு ஏர்பேக் இருக்கா?” என்பதுதான். இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு நேரே ஆக்சசரீஸ் கடைக்குப் போனார்.

கடையில் நடந்தது கைதேர்ந்த வேலை. சீட்டின் ஓரத்திலிருந்து கிழித்துக்கொண்டு வர வேண்டிய பக்கவாட்டு ஏர்பேக்கின் மேல் இரட்டைத் தையல் போட்ட சீட் கவர். முன்னால் இரும்புக் கார்டு. மோதலின் அதிர்ச்சி எப்படிப் பரவும் என்று போட்டுவைத்த கணக்கையே அது குழப்பிவிடும் என்பதால் 2017இலேயே மத்திய அரசு வேண்டாம் என்றது. பித்தளைப் பிள்ளையாருக்கு அண்ணிக்கு நேர் எதிரே, ஏர்பேக் மூடியின் மேல், இருபுறமும் ஒட்டும் டேப்பில் பிரதிஷ்டை. பை விரிந்தால் அவர் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அருள்பாலிக்கப் புறப்படுவார்.

கடைசியாக, பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரத்தை அடக்க, பெல்ட் கொக்கியில் செருகும் ஒரு கிளிப். இதை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆக்சசரீஸ் கடைக்காரரை அந்த உத்தரவு எட்டியதாகத் தெரியவில்லை.

“அதான் ஆறு ஏர்பேக் இருக்குல்லடா தம்பி, பெல்ட் எதுக்கு?” என்றார் அண்ணன்.

இந்த யோசனை அண்ணனுடைய சொந்த யோசனை அல்ல. 1970களில் அமெரிக்காவில் ஏர்பேக்கை முன்னிறுத்தியதே பெல்ட் போட மறுத்தவர்களுக்காகத்தான். கட்டாமல் பாய்ந்து வரும் முழு ஆளைப் பை மட்டுமே நிறுத்த வேண்டும் என்றால் அது அசுர வேகத்தில் விரிய வேண்டும். அப்படி விரிந்த பைகள் 1990களில், சின்ன மோதல்களில்கூட, முன்சீட்டுக் குழந்தைகளையும் ஸ்டியரிங்கை ஒட்டி உட்காரும் குள்ளமானவர்களையும் கொன்றன. பிறகுதான் வேகத்தைக் குறைத்தார்கள்.

ஒழுங்காக நடந்தால் நடப்பது இதுதான். மோதியதும் நூறில் ஒன்றிரண்டு பங்கு நொடிக்குள் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறது. முதலில் வெடிப்பது பெல்ட்டில் இருக்கும் சின்ன மருந்து. அது தொளதொளப்பைச் சுருட்டி ஆளை சீட்டோடு இறுக்குகிறது. அதே சமயம் பையும் விரியத் தொடங்குகிறது. நூறில் ஐந்து பங்கு நொடி ஆவதற்குள் நிரம்பிவிடும். கண் சிமிட்டக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். அடுத்துதான் அழகே. பெல்ட் நெஞ்சை நெரிக்காதபடி, சுருளுக்குள் இருக்கும் ஓர் இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. தலை முன்னால் போய்ச் சேரும்போது பையும் பின்பக்க ஓட்டைகள் வழியாகக் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். கேட்ச் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பந்தை வாங்குவது போலத்தான். இடுப்பும் நெஞ்சும் பெல்ட்டின் பொறுப்பு, தலையும் கழுத்தும் பையின் பொறுப்பு.

பெல்ட் போடாதவர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. மோதுவதற்கு முன் அடித்த பிரேக்கிலேயே அவர் பாதி தூரம் முன்னால் வந்திருப்பார். விரிந்த மெத்தைக்குப் பதிலாக, விரிந்துகொண்டிருக்கும் வெடியின் மேல் போய் விழுவார். அண்ணனின் கிளிப் இன்னும் ஒரு படி மேல். பல வண்டிகளில் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்த்துத்தான் எந்த அளவு மோதலுக்குப் பையை விரிப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதனிடம் போட்டிருக்கிறேன் என்று பொய் சொல்வதுதான் கிளிப்பின் வேலை. மருந்து வெடித்து, யாரையும் கட்டியிராத பெல்ட்டை விசுவாசமாக இழுத்து இறுக்கும்.

டோல்கேட் அருகே காக்கிச் சட்டை தெரிந்தால் மட்டும் அண்ணன் பெல்ட்டை உருவி, கொக்கியில் மாட்டாமல், கையால் நெஞ்சில் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் விட்டுவிடுவார். ஆயிரம் ரூபாய் அபராதம் மிச்சம்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பின்சீட் பற்றியும் சொன்னேன். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவரோடு பின்சீட்டில் இருந்த நண்பரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் கட்டாமல் இருப்பவர் தாம் முட்டுவதோடு, பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் முன்சீட்காரரையும் சேர்த்து நசுக்குவார் என்றேன்.

அண்ணன் முகம் தீவிரமானது. நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

“நீ சொல்றது சரிதான்டா தம்பி. பின்சீட்லயும் இப்ப கத்துது. அதுக்கும் சேர்த்து ரெண்டு கிளிப் சொல்லிருக்கேன்.”