குலத்துக்கு ஒரு ‘குல்’

கேள்வி: துர்க்மேன் கம்பளம் என்றாலே ஒரே சிவப்பாக இருக்கிறதே, ஏன்?

பதில்: தள்ளி நின்று பார்த்தால்தான் ஒரே சிவப்பு. குனிந்து பாருங்கள்: செங்கல் சிவப்பு, ஈரல் சிவப்பு, கருஞ்சிவப்பு! மஞ்சிட்டி இனச் செடியின் வேர் தரும் சாயம் இது. இடையிடையே எட்டிப் பார்க்கும் நீலம், அவுரியின் கொடை.

கேள்வி: நடுவில் வரிசைகட்டி நிற்கும் எண்கோணங்கள் என்ன?

பதில்: அவற்றுக்குக் ‘குல்’ என்று பெயர். தெக்கே, யோமுத், எர்சாரி, சாரிக், சாலோர் எனக் குலத்துக்கு ஒரு குல். எதுகை தற்செயல், அடையாளம் தற்செயல் அல்ல. போரில் தோற்ற குலம் தன் குல்லை இழந்து, வென்றவர்களின் குல்லை நெய்ய நேர்ந்தது என்பது சோவியத் ஆய்வாளர் மொஷ்கோவாவின் கருத்து.

கேள்வி: எர்சாரிகளின் குல்லை ‘யானைப் பாதம்’ என்கிறார்களே, துர்க்மேன் பாலையில் யானை ஏது?

பதில்: யானை வந்தது சந்தை வழியாக! பெரிய எண்கோணத்தைப் பார்த்து வியாபாரிகள் வைத்த பெயர் அது. ‘புகாரா கம்பளம்’ என்ற பெயரும் அப்படித்தான்: புகாரா, விற்ற ஊர். நெய்தவள் பெயர் மறைந்து விற்ற ஊரின் பெயர் நிலைத்ததுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: கம்பளம் தரையில் விரிக்கத்தானே?

பதில்: நாடோடிக் கூடாரத்தில் அதற்கு ஓய்வே இருந்ததில்லை. வாசலில் தொங்கினால் ‘என்சி’, அதுதான் கதவு. பையாகத் தைத்தால் ‘சுவால்’, ‘தோர்பா’. அவைதான் பெட்டியும் அலமாரியும். யோமுத் மணப்பெண் ஏறிவந்த ஒட்டகத்தின் இரு விலாவிலும் ஐங்கோண ‘அஸ்மாலிக்’ தொங்கியது. தறியும் நாடோடிதான்: முளையடித்துத் தரையில் கிடத்தினார்கள், கூடாரம் பெயர்ந்தால் பாதி நெய்ததோடு சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

கேள்வி: ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டாமே?

பதில்: சிலவற்றுக்கு உண்டு. வளைந்த கொக்கிகள் ஆட்டுக்கடாவின் கொம்பு. முக்கோணம் கண்ணேறு படாமல் காக்கும் தாயத்து. ஆனால் கோட்டுக்கோடு கதை சொல்லும் கடைக்காரரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இந்த வடிவங்களை மகள்கள் கதை கேட்டல்ல, அம்மாக்களின் விரல்களைப் பார்த்துத்தான் கற்றார்கள்.

கேள்வி: இந்தக் கலை இன்றும் உயிரோடு இருக்கிறதா?

பதில்: கொடிகட்டியே பறக்கிறது! துர்க்மெனிஸ்தான் 1992இல் ஏற்ற தேசியக் கொடியில் ஐந்து குல்கள் உள்ளன. மே மாதக் கடைசி ஞாயிறு அங்கே கம்பள நாள். 2019இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: பின்புறத்தை. முன்னால் தெரிவது குலத்தின் பெயர். பின்னால் தெரியும் முடிச்சுகளில்தான், பெயர் எழுதாமல் போன அந்தப் பெண் இருக்கிறாள்.