உட்துறைமுகத்தில் ஒரு கட்சிப் பிரச்சினை

திருகோணமலைப் பொடியன்களுக்குள் இரண்டு கட்சி: பிளேஸ்டேஷன் 5, அல்லது பாகம் பாகமாய் வாங்கிப் பூட்டும் கம்ப்யூட்டர். "மச்சான், பிறகு கார்டை மட்டும் மாத்தலாம்" என்பது கம்ப்யூட்டர் கட்சியின் தேர்தல் வாக்குறுதி. மாற்றலாம்தான், ஆனால் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு தனியாகவே 450 வாட் வரை குடிக்கும். பிளேஸ்டேஷன் முழுப்பெட்டியும் ஏறக்குறைய 200 வாட்டோடு அடங்கிவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அப்போது இரண்டு கட்சிக்கும் சம பலம். கடற்காற்றும் நடுநிலைதான், எந்த விசிறிக்குள்ளும் உப்பைப் போடும்.

எந்தக் கட்சியென்று முடிவெடுக்க அவசரமில்லை. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ என்ன செய்வதென்று இரண்டு அரசாங்கங்கள் யோசித்து முடிக்க 2022 ஜனவரி ஆனது.

தகப்பன்மார் கேட்பது ஒன்றே: "தம்பி, உதில ஓ.எல். பாஸ்ட் பேப்பர் பாக்கலாமோ?"

கம்ப்யூட்டர் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை.