சவ்வு கிழிந்தால் சாயம்

உயர்தர மாணவி, ஹாலிஎல: கலமென்சவ்வைப் பற்றிப் பத்துப் பக்கம் பாடமாக்கிவிட்டேன். பதுளைப் பக்கத்தில் அதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

பார்க்க வழியில்லை, தங்கச்சி. அதன் தடிப்பு ஏழெட்டு நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் ஒரு இலட்சத்துக்கு மேல் அடுக்கலாம். ஆனால் அது கிழிவதை மூக்கால் அறியலாம். வீட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தேயிலை பெக்டரி ஓடுகிறதோ அங்கே போய் நில்லுங்கள்.

கொழுந்தின் ஒவ்வொரு கலத்துக்கும் நடுவில் பெரிய புன்வெற்றிடம் ஒன்று இருக்கிறது. துவர்ப்புத் தரும் கட்டெச்சின்கள் அதற்குள். அவற்றைப் பிடித்து நிறம் மாற்றும் நொதியமோ வெளியே, பச்சையவுருமணியில். இரண்டுக்கும் நடுவே நிற்பவை சவ்வுகள்தான். செடியில் இருக்கும்வரை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அதனால்தான் மலை முழுக்கப் பச்சை.

பறித்த கொழுந்தைப் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலுமோ வாட்டுகிறார்கள். தண்ணீர் வற்ற வற்றச் சவ்வுகள் இளகிக் கசியத் தொடங்கும். பதம் வந்த கொழுந்தைக் கையில் பொத்தி விட்டால் உருண்டையாகவே நிற்கும். காம்பு ஒடியாது, வளையும். அதற்குப் பிறகு ரோலர். அதன் நசுக்கலில் சவ்வுகள் கிழிந்து, உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்துகொள்ள, தியாபிளேவினும் தியாரூபிஜினும் பிறக்கின்றன. பச்சை போய்ச் செம்பு நிறம் வரும். பெக்டரியில் இதை நொதித்தல் என்பார்கள். கள்ளுப் புளிப்பதில் உள்ள நுண்ணுயிர் வேலை எதுவும் இதில் கிடையாது. பிறகு டிரையரின் சூட்டில் நொதியம் செத்துவிடும். நிறம் அதோடு நிற்கும். கிறீன் டீக்கு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்: சவ்வு கிழியும் முன்னரே சூட்டைக் காட்டி நொதியத்தைத் தீர்த்துவிட்டால், பச்சை பச்சையாகவே இருக்கும்.

வாசலில் நிற்கும்போதே மூக்கில் ஏறும் பச்சைப்புல் வாடை இருக்கிறதே, அதில் பெரும்பங்கு சவ்வுடையதுதான். சவ்வின் கொழுப்பமிலங்கள் உடைந்துதான் அந்த வாடை வருகிறது. கிழிந்த பிறகும் அது சும்மா போவதில்லை.

ஓய்வுபெற்ற டீமேக்கர், ஹப்புத்தளை: ஓகஸ்ட் மாதத்துக் கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலையின் வாசனைக்குக் காரணம் என்று நாங்கள் சொல்வோம். நீங்கள் சவ்வு என்கிறீர்களே?

உங்களுக்கே நான் தேயிலை சொல்லித்தருவதா, ஐயா! காற்றின் பங்கை யாரும் பறிக்கவில்லை. தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, நம் பக்கம் வரும்போது வெறும் காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை செடி தாகத்தில் தவிக்கிறது; பறித்த கொழுந்தும் நன்றாக வாடுகிறது. ஊவாவின் அடையாளமான மெதைல் சலிசிலேற்று, சுளுக்குத் தைலத்தில் குப்பென்று அடிக்குமே, அதே பொருள்தான். இலைக்குள் அதில் பெரும்பகுதி சீனி மூலக்கூறோடு கட்டுண்டு வாசனையில்லாமல் கிடக்கிறது. சவ்வுகள் குலைந்து நொதியம் வந்து சேர்ந்தால் கட்டு அவிழும். காற்றுக்கும் வெயிலுக்கும் செடிக்கும் போக மிச்சம் சவ்வுக்கு, அவ்வளவே. அந்த வாசனைக்குக் கிடைக்கும் ஏல விலை பறித்தவர் நாட்சம்பளத்திலும் மணக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். இது விஞ்ஞானப் பகுதி.

இல்லத்தரசி, பசறை: சவ்வு என்றால் சுவர் என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், லயத்து நடுச்சுவர் என்றால். பக்கத்துக் காம்பராச் சண்டை சுவரைத் தாண்டி அப்படியே வந்துவிடும். ஒரு கரண்டி சீனி வேண்டுமென்றால் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். சவ்விலும் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு போன்ற சிறிய, மின்னேற்றமில்லாத ஆட்கள் நேராக ஊடுருவுவார்கள். சீனிக்கும் உப்புக்கும் புரதத்தாலான வாசல் வேண்டும். தண்ணீர் மெதுவாகக் கசிந்தும் போகும். அவசரமென்றால் அதற்கும் தனி வாசல் உண்டு. அதைக் கண்டுபிடித்த பீற்றர் அக்ரே 2003இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆசிரியர், பண்டாரவளை: இது இரண்டு அடுக்குச் சவ்வு என்று முதலில் சொன்னது யார்?

ஒல்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டரும் கிரெண்டலும், 1925இல். நம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய அதே வருடம். செங்குழியங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். குழியங்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆனால் கொழுப்பை அவர்கள் முழுவதும் பிரிக்கவில்லை. மேற்பரப்பையும் குறைத்தே கணித்திருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை மட்டும் சரி! உங்கள் மாணவர்கள் யாராவது இப்படி எழுதினால் புள்ளி போடுவீர்களா? அடுக்கு இறுகிக் கிடப்பதல்ல, அதில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற இன்றைய படத்தை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் தந்தார்கள்.

பிள்ளைக்காம்பரா உத்தியோகத்தர், மடுல்சீமை: வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கச் சொன்னால், ஓடுகிற வயிற்றுக்கு மேலும் தண்ணீரா என்று தாய்மார் சண்டைக்கு வருகிறார்கள். என்ன சொல்ல?

வெறும் தண்ணீரைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குடலில் அது நன்றாகத் தங்காது. ஜீவனியில் சீனியும் உப்பும் சேர்ந்திருக்கின்றன. குடல் கலத்தின் சவ்வில் ஒரு வாசல் உண்டு. ஒரு குளுக்கோசும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். கொலரா நஞ்சு கெடுப்பது வேறொரு வாசலை: குளோரைட்டு வெளியேறும் வழியைத் திறந்தபடியே விட்டுவிடும், தண்ணீர் கொட்டும். சீனியும் உப்பும் சேர்ந்து நுழையும் வாசலில் அது கைவைப்பதில்லை. அந்த வாசல் வழியாகத்தான் ஜீவனி உயிரைக் காக்கிறது.

இந்தியாவிலிருந்து மண்டபம் முகாமைத் தாண்டி வந்த நம் பாட்டன்மாருக்குக் கொலரா என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சீனியும் உப்பும் சேர்ந்து நுழையும் வாசலின் சூட்சுமத்தை ரொபர்ட் கிரேன் எடுத்துச் சொன்னது 1960இல்தான். 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் சீனி, உப்புக் கரைசலை டிரம்மில் கலக்கி வாயாலேயே கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. தாய்மாருக்கு இதைச் சொல்லுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை மாற்ற வேண்டாம், ருசிக்காக மேலதிகச் சீனியும் வேண்டாம். சீனி கூடினால் அது உள்ளிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். பிள்ளை சோர்ந்துபோனாலோ குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கொழுந்து பறிப்பவர், நமுனுகுல: உப்புப் பட்டதும் அட்டை ஏன் சுருண்டு விழுகிறது?

அட்டையின் தோல் ஈரமானது, மெல்லியது. வெளியே உப்புக் கூடினால் கலங்களிலிருந்து தண்ணீர் சவ்வைக் கடந்து வெளியே ஓடும். புத்தகத்தில் இதைப் பிரசாரணம் என்று போட்டிருக்கும். காலில் உப்புப் பூசி மலைக்கு ஏறும் உங்களுக்குப் பெயர் தெரியாமலே செய்முறைப் பரீட்சை முடிந்துவிட்டது.

பெயர் போட விரும்பாத வாசகர், வெலிமடை: உங்கள் பதில்கள் சவ்வு மாதிரி இழுக்கின்றனவே?

அபாண்டம்! உண்மையான கலமென்சவ்வு வளையும், நெளியும், ஆனால் இழுபடாது. பரப்பு நூற்றுக்கு நான்கைந்து கூடினாலே கொழுப்படுக்கு கிழிந்துவிடும். ஏழெட்டு மைக்ரோமீற்றர் அகலமுள்ள செங்குழியம் மண்ணீரலில் ஒரு மைக்ரோமீற்றர் இடுக்கால் நுழைந்து வருவதுகூட நெளிந்துதான், சவ்வு இழுபட்டு அல்ல. ஆகவே இழுத்த பழி எனக்கு மட்டும். சவ்வின்மேல் போடாதீர்கள்.