ராணிக்கு ஒரு லைன் வீடு

பிள்ளைப்பாக்கத்தில் வீடு கட்டுவதற்கு இரண்டு வழி. கையில் காசு அதிகமிருந்தால் மேலே எழுப்புவோம். நிலம் அதிகமிருந்தால் பக்கவாட்டில் நீட்டுவோம். நீட்டினால் அதற்குப் பெயர் லைன் வீடு. ஒரே கூரை, ஒரே தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், கடைசியில் ஒரு பாத்ரூம், அதன் முன்னால் ஒரு சண்டை. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு எங்கள் பக்கத்தின் முக்கியமான விளைச்சல் இதுதான். ஏரித் தண்ணீரை நெல்லுக்குப் பாய்ச்சிய குடும்பங்கள் இப்போது ஒடிசாப் பையன்களுக்கும் திருநெல்வேலிப் பையன்களுக்கும் காலை ஷிஃப்டுக்கு முன்னால் மோட்டார் போட்டுவிடுகின்றன.

அதனால், தேனீ வளர்க்க நினைத்தபோது, தேனீப் பெட்டியில் அடுக்குப் பெட்டி, நீளப் பெட்டி என்று இரண்டு ரகம் உண்டு என்று தெரிந்ததுமே என் மனம் எந்தப் பக்கம் போகும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அடுக்குப் பெட்டியில் கீழ்த்தளத்தில் ராணியும் குஞ்சுகளும்; தேன் பெருகப் பெருக மேலே மாடி ஏற்றிக்கொண்டே போகவேண்டும். நீளப் பெட்டியில் எல்லாம் தரைத்தளம். ஒரு முனையில் வாசல். வாசல் பக்கம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று குடும்பம் நடக்கும். உள்ளே போகப் போகத் தேன் கிடங்கு. கூட்டம் பெருகினால் நடுவில் நிற்கும் தடுப்புப் பலகையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் ஒரு ரூம் கூடிவிடும். அட்வான்ஸ்தான் கேட்க முடியாது.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அடுக்குப் பெட்டிக்கு மூலகர்த்தா லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார். 1851-இல் அவர் கவனித்தது இது: கால் அங்குலத்துக்குச் சற்று மேலாக இடைவெளி விட்டால் தேனீ அதை நடைபாதையாக வைத்துக்கொள்ளும், குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும், கூடினால் அங்கேயும் அடை கட்டும். அடுத்த வருஷமே காப்புரிமை வாங்கிவிட்டார். சைலீசியாவில் தேனீ ஆராய்ந்த ஜியர்சோனும் பாதிரியார். பிரான்சில், இன்று தன் பெயரால் வழங்கும் பெட்டியைச் செய்த வாரேயும் பாதிரியார். நமக்கும் ஒருவர் வாய்த்தார்: நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்து ஆட்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். நம் ஊர்ச் சின்னத் தேனீயான அடுக்குத் தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டி ஒன்றையும் செய்தார். நியூட்டன் பெட்டி என்று அதற்குப் பெயர். பாதிரியார்களுக்கு ஏன் இது கைவந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சொல்வதைக் கேட்காத கூட்டத்தோடு வாரந்தவறாமல் பொறுமையாகப் பழகிய அனுபவம்தான் காரணமாக இருக்கவேண்டும்.

ஆனால் படுக்கைவாட்டுக் கூடு பாதிரியார்களுக்கெல்லாம் மூத்தது. கி.மு. 2400 வாக்கில் எகிப்தில் நியூசெர்ரே என்ற அரசன் கட்டிய சூரியக் கோயிலில், படுக்க வைத்து அடுக்கிய கூடுகளின் முன்னால் ஓர் ஆள் மண்டியிட்டுத் தேனெடுப்பதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காஷ்மீரில் வீடு கட்டும்போதே மண்குழாயைச் சுவருக்குள் படுக்கவைத்துவிடுவது வழக்கம். தேனீக்கு வாசல் தெருப்பக்கம், தேனுக்கு வாசல் வீட்டுக்குள். 1970-களில் கென்யாவில் கனடாக்காரர்கள் உதவியோடு சரிவான சுவரும் மேலே வரிசையாக மர ரீப்பர்களுமாக ஒன்றை உருவாக்கினார்கள். நான் செய்ய நினைத்தது அதைத்தான்.

மரத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கார், கண்ணாடி, போன், டயர் என்று செய்யாத பொருளில்லை. 2024-இல் எங்கள் சிப்காட்டிலேயே சோலார் தகடு ஆலையும் திறந்தாயிற்று. இத்தனைக்குமான உதிரிகளும் இயந்திரங்களும் வந்திறங்குவது பைன் மரப் பேலட்டில். சரக்கு உள்ளே போகும், பேலட் காயலாங்கடைக்கு வரும். கொரியாவிலிருந்து வந்த மரம் எங்கள் ஊரில் கோழிக்கூண்டாகவும் டீக்கடை பெஞ்சாகவும் முடிகிறது.

ஆனால் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று எல்லாப் பேலட்டையும் தேனீக்குக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் சூடுபோட்டு ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். ஒரு கதிர்ச் சின்னம், நாட்டுக்கு இரண்டெழுத்து, அப்புறம் மரத்துக்கு என்ன வைத்தியம் செய்தார்கள் என்பதற்கு இரண்டெழுத்து. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பாகம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்கும்படி சூடு காட்டியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. பூச்சியைக் கொல்லப் புகை போட்ட மரத்தில் பூச்சிக்கே வீடு கட்டுவது நியாயமில்லை. மலைபோல் குவிந்திருந்த பேலட்டுகளை நான் ஒவ்வொன்றாகப் புரட்டி முத்திரை பார்ப்பதைக் கடைக்காரர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் தேடுறீங்க?”

“எம்.பி. போட்டது வேணாம்.”

“சரி, எம்.எல்.ஏ. போட்டது எடுத்துக்கோங்க. எல்லாம் ஒரே ரேட்டு.”

எச்.டி. பலகைகளோடு ஆசாரியிடம் போனேன். நாற்பது வருஷமாக எல்லாவற்றையும் மூலைமட்டம் வைத்து நிறுத்தியவரிடம் போய், இரண்டு பக்கச் சுவரும் சரிவாக வேண்டும் என்றேன். “தம்பி, பெட்டி கேக்கறீங்களா, மாட்டுத் தொட்டி கேக்கறீங்களா?” சரிவு இருந்தால் தேனீ அடையைச் சுவரோடு பெரும்பாலும் ஒட்டாது என்று விளக்கினேன். அவர் பலகையையும் என்னையும் பார்த்து, ஒட்டினால் என்னிடம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

நுட்பமெல்லாம் மேலே போடும் ரீப்பரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ரீப்பரின் அடியிலும் நடுவில் ஒரு கூரான விளிம்பு, அதில் லேசாக மெழுகு. தேனீ அதைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓர் அடை கட்டும். ரீப்பருக்கு ஓர் அடை, அடுத்ததற்கு இன்னோர் அடை. ரீப்பர்கள் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்பதால் அவையே கூரை. ஒன்றைத் தூக்கினால் ஒரு வீட்டுக் கதவுதான் திறக்கும். மற்ற வீடுகளுக்குத் தெரியாது. இதற்கு அகலம் கச்சிதமாக இருக்கவேண்டும். ஆசாரிக் கணக்கில் நம் நாட்டு அடுக்குத் தேனீக்குப் பத்து நூல். இத்தாலியத் தேனீக்குப் பதினோரு நூல். இத்தாலிக்கும் இந்தியாவுக்கும் ஒரு நூல்தான் வித்தியாசமா என்று ஆசாரிக்கு ஆச்சரியம். “ஒரு நூலு, அட்ஜஸ்ட் பண்ணிக்காதா?” பண்ணிக்காது. அளவு தப்பினால் இரண்டு ரீப்பரைச் சேர்த்துக் குறுக்கே அடை கட்டிவிடும். அப்புறம் ஒன்றைத் தூக்கினால் மொத்தக் குடித்தனமும் கூடவே எழுந்து வரும்.

மூன்றடி நீளம், மேலே மூடி, நான்கு பக்கமும் மழமழவென்று இழைத்த வெள்ளைப் பைன் மரம். குட்டியானையிலிருந்து நானும் ஆசாரியின் மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்கினோம். எதிர்வீட்டுப் பெரியம்மா முந்தானையை வாயில் வைத்தபடி ஓடிவந்தார். “ஐயோ, கொழந்தயாப்பா? யாரு வூட்டுது?” விளக்கிச் சொன்னபிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் எங்கள் அம்மாவிடம் தனியாக வந்து, “பையனுக்கு வேலையில எதுனா பிரச்சனையா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வீடு தயார், குடித்தனம் வேண்டுமே. பொந்து எங்கே கிடைத்தாலும் குடிபோவது அடுக்குத் தேனீயின் சுபாவம். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அது தேர்ந்தெடுத்திருந்தது தீயணைப்பு ஹோஸ் வைக்கும் சிவப்புப் பெட்டியை. பாதுகாப்பு ஆடிட் நெருங்கிக்கொண்டிருந்தது. மருந்தடிக்கிறவரைக் கூப்பிடப் போன மேலாளரிடம், “நான் எடுத்துட்டுப் போறேன் சார்” என்றேன். அவர் சம்மதித்துவிட்டார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி சம்மதிக்கவில்லை. கம்பெனிக்குள்ளிருந்து எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும்.

“பொருள்?”

“தேனீ.”

“அளவு?”

“தெரியாது.”

“கட்டத்தைக் காலியா விட முடியாது சார். நம்பரா, கிலோவா?”

கடைசியில் ‘1 ராணி மற்றும் குடும்பத்தார்’ என்று எழுதினோம். அதற்கடுத்த கட்டம்: ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா? நான்-ரிட்டர்னபிள் என்று டிக் அடித்தார். அந்த இடத்தில் என் மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. கூட்டை இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோகாவிட்டால் வயலுக்குப் போகும் தேனீக்கள் பழைய வழியை மறக்காது. எங்கள் வீடோ கம்பெனி மதிலிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு நான் போவதற்கு முன்னால் குடும்பத்தாரில் ஒரு பகுதி சிவப்புப் பெட்டிக்குத் திரும்பி வந்து, காலியான பொந்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த கேட்டிலும் என்ட்ரி போடவில்லை. இரண்டாவது கேட் பாஸில் பொருள் என்ற கட்டத்தில் ‘முன்பு சொன்னதன் மீதி’ என்று எழுதியிருந்தது.

இருட்டியபின் கூட்டை மாற்றியது தனிக்கதை. ஹோஸ் பெட்டியில் கட்டியிருந்த அடைகளைக் கத்தியால் அறுத்து, குஞ்சுள்ள அடையை ரீப்பரின் அடியில் பொருத்தி, நனைத்த வாழைநாரால் பூக்கட்டுகிற மாதிரி சுற்றிக் கட்டவேண்டும். அடை வெதுவெதுப்பாக இருக்கும். விரல் கொஞ்சம் அழுந்தினால் மூடியிட்ட அறை உடைந்து வெள்ளையாகப் பால் கசியும். ராணி எந்த அடையில் இருக்கிறாளோ அந்த அடை பெட்டிக்குள் போனதும் மற்றவை தாமாகவே வாசல் வழியே வரிசையாக நுழைய ஆரம்பித்தன. சில நாளில் அடை ரீப்பரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நார் இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்து அதைக் கடித்துக் கடித்து நூல்நூலாகப் பிரித்து வாசலில் இழுத்துப் போட்டிருந்தன. வாடகைக்கு வந்தவர்கள் காலி பண்ணும்போது கூடச் சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கிப் போனதில்லை.

எறும்புக்குத்தான் பயம். பெட்டியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். கொசு ஒழிப்புக்கு வீடுவீடாக வரும் அக்கா டார்ச் அடித்துப் பார்த்து, “தேங்காய் ஓட்டுல தண்ணி நின்னாலே எழுதுவோம், நீங்க கிண்ணம் வச்சே வளக்குறீங்களா?” என்றார். மேலே பெட்டியில் என்ன இருக்கிறது என்று காட்டியதும் அவர் இன்னும் இரண்டடி பின்னால் போய்த் தொடர்ந்து எழுதினார். இப்போது கிண்ணத்தில் மெக்கானிக் கடையின் வேஸ்ட் ஆயில். எறும்பும் இல்லை, கொசுவும் இல்லை.

மேய்ச்சலைப் பற்றிக் கவலைப்பட்டது வீண். பசுமை வளையம் என்று கணக்குக் காட்டக் கம்பெனிகள் நட்ட புங்கமரங்கள் கோடையின் தொடக்கத்தில் பூத்துக் கொட்டுகின்றன. முருங்கை இல்லாத வீடில்லை. ஊரே திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்தைத் தேனீ திட்டுவதில்லை. அதன் பூவில் தேன் நிறைய. ஆபத்து டீக்கடையில் இருக்கிறது. ஷிஃப்டு விடும் நேரத்தில் காகிதக் கப் மலையாகக் குவியும். அடியில் தங்கிய சர்க்கரைக்கு வந்த தேனீக்கள் அதிலேயே மூழ்கிச் சாகின்றன. மதுரைப் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் இதை எண்ணிப் பார்த்து 2011-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். எங்கள் டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லி, குப்பைக்கூடைக்கு மூடி போடச் சொன்னேன். போட்டார். அதன் மேல் இப்போது வடைத்தட்டு இருக்கிறது.

நீளப் பெட்டியைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது இடுப்பைப் பற்றி. இத்தாலியத் தேனீயின் பெரிய பெட்டியில் தேன் நிறைந்த ஒரு மாடி நாற்பது கிலோவைத் தொடும். குனிந்து தூக்கினால் ஆள் நிமிரமாட்டார். நியாயம்தான். ஆனால் நியூட்டன் பெட்டியின் தேன் அறையைப் பள்ளிக்கூடப் பிள்ளை தூக்கிவிடும். அதனால் அந்த வெளிநாட்டு இடுப்புவலியை நாம் இறக்குமதி செய்யவேண்டியதில்லை. என் இடுப்புவலி உள்நாட்டுச் சரக்கு, கம்பெனி வேலையில் வந்தது. எனக்குப் பிடித்தது வேறு: பெட்டி இடுப்புயரத்தில் நிற்கிறது, ஒரு ரீப்பரைத் தூக்கினால் மேலே கூட்டம் பொங்கி வருவதில்லை. நஷ்டமும் உண்டு. சட்டமோ கம்பியோ இல்லாத அடை, கத்திரி வெயிலில் இளகி நிற்கும். எடுத்தால் நட்டக்குத்தலாகவே பிடிக்கவேண்டும். ஆர்வத்தில் படுக்கவைத்துப் பார்த்தால் தேன் தரைக்கு. எந்திரத்தில் போட்டுச் சுற்ற முடியாது, அறுத்துப் பிழியவேண்டும், தேனீ மறுபடி முதலிலிருந்து மெழுகு சுரக்கவேண்டும். காசுக்காக வளர்க்கிறவர் நியூட்டனை விடவேண்டாம்.

மார்த்தாண்டத்துக்காரர்கள் விடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் தாய் சேக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெரும்பாலும் காலி செய்தபிறகும் மீண்டு வந்து, 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். அங்கே தேன் கொடுப்பது பெரும்பாலும் ரப்பர் மரம், அதுவும் பூவிலிருந்து அல்ல, தளிர் இலைக் காம்பிலிருந்து. எங்கள் ஊருக்கும் ரப்பர் வருகிறது. ஒரகடத்தில் டயராகிவிடுகிறது.

எங்கள் முதல் அறுவடை இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில். அதைவிட அதிகமாக அதற்குப் பரிசோதகர்கள் கிடைத்தார்கள். ஒருவர் தண்ணீரில் விட்டார். ஒருவர் தீக்குச்சியை நனைத்துக் கொளுத்தினார். ஒருவர் நாய்க்கு வைத்தார். நாய் தின்றுவிட்டதால் அது கலப்படம் என்றார். 2020-இல் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனைச் சோதனைக்கு அனுப்பியபோது எல்லாவற்றிலும் தேறியது மூன்றுதான். கலப்பட சிரப் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தயாராகியிருந்தது, ஜெர்மன் ஆய்வகம் வரை போனபிறகுதான் பிடிபட்டது. எங்கள் தெருவுக்கு நாயே போதும்.

மாமனார் வந்திருந்தார். ஒரு பாட்டிலைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். அடுக்குத் தேனீயின் தேனில் ஈரம் கூடுதல், கொஞ்சம் நீர்த்தாற்போலத்தான் ஓடும். ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு மனசு நோகாதபடி மெதுவாகச் சொன்னார்:

“பரவால்ல மாப்ள. யாரோ ஏமாத்திட்டான். அடுத்த தடவ கடையில நல்ல தேனாப் பாத்து வாங்கிக்கங்க.”